உங்களுக்குத் தெரியுமா? பரணில் கிடக்கும் லேப்டாப்புக்கு ரேம் கூட்டலாம்!

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அப்படி வந்த லேப்டாப் சாத்தான்குளம் பக்கம் உங்கள் வீட்டிலும் சும்மா கிடக்கிறதா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் ரேம் வகையைப் பாருங்கள். லேப்டாப்புக்கான டிடிஆர்3 ரேமில் 204 முனைகள், டிடிஆர்4-ல் 260. நடுவே உள்ள வெட்டும் இடம் மாறி இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. 32 பிட் விண்டோஸ் 7, 4 ஜிபிக்கு மேல் ஏற்காது. அதன் ஸ்டார்ட்டர் பதிப்புக்கு 2 ஜிபிதான் எல்லை. இதைப் பார்க்காமல் காசைக் கொட்டுவது வீண்.

மாட்டுவது எளிது. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றுங்கள். ஏதாவது உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். அடிப்பக்க மூடியைத் திறந்து, ரேமின் இருபக்கக் கொக்கிகளையும் விலக்கினால் பழைய ரேம் தானாகவே சாய்வாக எழும்பும். புதியதை அதே சாய்வில் முழுக்கச் செருகி, 'டக்'கென்று சத்தம் வரும்வரை கீழே அழுத்துங்கள். தங்க நிற முனைகளில் விரல் படக்கூடாது.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை: ஆடிக் காற்றில் பறக்கும் தேரிமண் தூசி ரேம் இடுக்கிலும் ஏறும். புதியதை மாட்டும் முன் மென்மையான தூரிகையால் அதைத் தட்டிவிடுங்கள்.

ரேம் கூட்டினால் இன்டர்நெட் வேகம் கூடாது. பல வேலைகளை ஒன்றாகத் திறந்தால் திணறுவதுதான் குறையும். கடைக்குப் போகும்போது பழைய ரேமைக் கையோடு கொண்டுபோங்கள்.