சோழவரம்: தண்ணீர் 18 அடி, சந்தேகம் தலைக்கு மேல்

ஐப்பசி பிறந்துவிட்டால் சோழவரம் டீக்கடை பெஞ்சில் உட்காரும் எல்லோரும் பொதுப்பணித் துறை இன்ஜினியர்கள்தான். அங்கே பேசிப் பேசித் தீராத சில வழக்குகளுக்கு இங்கே விளக்கம்.

ராத்திரி முழுக்க மழை. வாசலில் முழங்கால் தண்ணீர். ஏரி மட்டும் ஏன் நிரம்பவில்லை?

வாசல் கணக்கு வேறு, ஏரி கணக்கு வேறு. சோழவரம் ஏரி பெரிதும் நம்பியிருப்பது கொசஸ்தலை ஆற்றை. தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் மடக்கிய தண்ணீர் கால்வாய் வழியாக இங்கே வருகிறது. இங்கிருந்து புழலுக்குப் போகிறது. சென்னை போகிற தண்ணீருக்கு நம்மூர் கடைசி ஸ்டாப் இல்லை, நடுவில் இறங்கி டீ குடிக்கிற இடம். மேற்கே மழை பெய்யாமல் இங்கே எவ்வளவு கொட்டினாலும் ஏரி மெதுவாகத்தான் ஏறும்.

ஏரியின் முழு உயரம் 18.86 அடி. 9 அடி வந்தால் பாதி ஏரி நிரம்பியதாகத்தானே அர்த்தம்?

வடை சுடுகிறவரைக் கேளுங்கள். வாணலியில் பாதி உயரத்துக்கு எண்ணெய் ஊற்றினால் பாதி வாணலியா நிரம்புகிறது? ஏரியும் கீழே குறுகி மேலே விரிந்தது. முதல் அடியைவிடக் கடைசி அடிக்குத்தான் தண்ணீர் அதிகம் பிடிக்கும். ஆகவே 9 அடியில் இருப்பது பாதிக்கும் குறைவு.

டிஎம்சி, கன அடி என்கிறார்களே, குடக் கணக்கில் சொல்ல முடியாதா?

முடியும். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர்; 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் கிட்டத்தட்ட இரண்டு குடம். 100 கோடி கன அடி சேர்ந்தால் ஒரு டிஎம்சி. சோழவரத்தின் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி, அதாவது ஒரு டிஎம்சிக்குச் சற்று மேல். குடத்தில் பிடித்தால் சுமார் 200 கோடிக் குடம். 12,000 லிட்டர் லாரி என்றால் 25 லட்சம் நடை.

‘1,000 கன அடி திறப்பு’ என்று செய்தி வந்தால், அது ஒரு வினாடிக்கான கணக்கு. அந்த வேகத்தில் ஒரு டிஎம்சி வெளியேற பதினொன்றரை நாள் ஆகும்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் பூண்டி ஏரியைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், வேறு பஸ் பிடித்து வெகுதூரம் போனால். கும்மிடிப்பூண்டி வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையில் இருக்கிறது. பூண்டி நீர்த்தேக்கம் திருவள்ளூருக்கு மேற்கே. 1944இல் கட்டி முடிக்கப்பட்ட அதற்கு, சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயர். பெயர் ஒட்டினாலும் ஊர் ஒட்டாது.

இங்கே ஏரோப்ளேன் இறங்கியது என்று தாத்தா சொல்கிறார். கதைதானே?

தாத்தாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை சோழவரத்தில் இருந்தது. போர் முடிந்தபின் அதிலேதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கார், பைக் பந்தயங்களை நடத்தியது. இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வரும்வரை, வேகப் பிரியர்களுக்குச் சோழவரம்தான் திருத்தலம்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டால் மழை ஓடிவிடுமாமே?

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்த பருவமழை மேகத்தை ஒரு ராக்கெட் கலைப்பது, ஊதுவத்தியால் பந்தல் கொளுத்துவது மாதிரி. உண்மையில் மழைக்கும் மின்னலுக்கும் பயப்படுவது ராக்கெட்தான். 1969இல் மழையோடு கிளம்பிய அப்பல்லோ 12 ஒரே நிமிஷத்துக்குள் இரண்டு முறை மின்னல் அடி வாங்கியது.

மொட்டை மாடியில் நின்று ராக்கெட்டைப் பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று: வெளிச்சம் உடனே தெரியும். சத்தம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வரவேண்டும். அதற்கு இரண்டரை நிமிஷத்துக்கு மேல் ஆகும்.

கரையில் சாரையும் நல்லபாம்பும் பின்னிக்கொண்டு ஆடியதைக் கண்ணாலேயே பார்த்தோம். அது ஜோடிதானே?

பார்த்தது நிஜம், போட்ட முடிச்சு தப்பு. சாரை வேறு இனம், நாகம் வேறு இனம். சாரையிலேயே ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். எவன் பெரியவன் என்ற தகராறு. விஷமில்லாத அந்தச் சாரை வயலில் எலி பிடிக்கிற கூலியில்லா வேலைக்காரன், கம்பை எடுக்காதீர்கள். தகராறு தீர்ந்ததும் அதுவே போய்விடும். டீக்கடை தகராறுதான் அடுத்த ஐப்பசி வரை நீளும்.