வணிகக் கணக்குப் பலகையைத் திருத்தும் முறை

டாஷ்போர்டு என்னும் ஆங்கிலச் சொல் ஆதியில் குதிரை வண்டிக்கு உரியது. ஓடும் குதிரையின் குளம்புகள் வாரியெறியும் சேறு வண்டியில் அமர்ந்திருப்போர் மீது படாதவாறு முன்புறம் நிறுத்திய பலகைக்கு அப்பெயர் வழங்கியது. பின்னர் மோட்டார் வண்டி வந்தது, அதே இடத்தில் வேகத்தையும் எண்ணெயின் அளவையும் காட்டும் முட்கள் அமர்ந்தன, பெயர் மாறவில்லை. இன்று வணிக ஸ்தாபனங்களின் கணிப்பொறித் திரைக்கும் அப்பெயரே வந்து சேர்ந்திருக்கிறது. நேற்றைய விற்பனை எவ்வளவு, கிடங்கில் இருப்பு எவ்வளவு, எந்த ஊரில் வசூல் பாக்கி நிற்கிறது என்பவற்றை ஒரே பார்வையில் காட்டும் அத்திரையைக் கணக்குப் பலகை என்று நாம் வழங்குவோம்.

புணே, பெங்களூரு, ஹைதராபாத், குருகிராம் முதலிய நகரங்களில் பணிபுரியும் தமிழ் அன்பர்களில் பலர் இத்தகைய பலகையைப் பார்த்தே காலைப் பணியைத் தொடங்குகின்றனர். சிலர் அதனை அமைப்போராகவும் இருக்கின்றனர். பலகை என்றும் ஒரே வடிவில் இருக்க இயலாது. புதிய கிளைகள் திறக்கப்படும். வரி விகிதம் மாறும். முதலாளி புதிய கணக்குக் கேட்பார். ஆனால் திருத்தம் நடைபெறும்போதும் பார்ப்பவருடைய அலுவல் தடைப்படலாகாது. இதற்கு வழி யாது என்பதை ஆராய்வோம்.

ஒரு துணி வணிக நிறுவனம் சூரத்தில் சரக்கு வாங்கி, நாகபுரியிலும் இந்தூரிலும் உள்ள தன் கடைகளுக்கு அனுப்புகிறதென்று வைத்துக்கொள்வோம். நாகபுரிக் கிடங்கின் பொறுப்பாளர் நாள்தோறும் காலை 10 மணிக்குப் பலகையைப் பார்த்து, இருப்புக் குறைந்த ரகங்களுக்கு ஆர்டர் எழுதுகிறார். ஒருநாள் 9.30 மணிக்குப் பலகையை அமைத்தவர் நல்லெண்ணத்தோடு ஒரு திருத்தம் செய்கிறார். 10 மணிக்குத் திரை வெறுமையாகத் தோன்றினால் பெருங்கேடு இல்லை. பொறுப்பாளர் தொலைபேசியில் விசாரித்துக்கொள்வார். தவறான எண் சரியான எண்ணைப் போலவே காட்சி தருமானால் அதுவே ஆபத்து. 40 கட்டு உள்ள இடத்தில் 400 கட்டு என்று திரை காட்டினால் ஆர்டர் போகாது. தீபாவளி வாரத்தில் கடையில் சரக்கு இராது. பழியோ திரையை நம்பிய பொறுப்பாளர் தலையில் விழும். ஒருமுறை இவ்வாறு ஏமாந்தவர் மீண்டும் தம் பழைய நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிவிடுவார். பலகை ஓடிக்கொண்டிருக்கும், நம்புவார் இரார்.

கணக்குப் பலகைக்கு மூன்று அடுக்குகள் உண்டு. அடியில் இருப்பது மூலக் கணக்கு. கடையில் பில் போடும்போது பதிவாகும் விவரங்கள் அங்கே சேர்கின்றன. நடுவில், அவ்விவரங்களைக் கூட்டியும் கழித்தும் வகுத்தும் வைக்கும் கணிப்பு அடுக்கு. மேலே, கண்ணுக்குத் தெரியும் கோடும் எண்ணும். மேலடுக்கில் நிறத்தையோ இடத்தையோ மாற்றினால் தீங்கு சிறிது. நடு அடுக்கில் கை வைத்தால், அதனை நம்பி நிற்கும் பலகைகள் யாவும் அசையும். ஆதலின் திருத்துபவர் முதலில் கேட்டறிய வேண்டியது, தாம் தொடுவது எந்த அடுக்கு, அதன்மீது நிற்பவை எவை என்பதாகும்.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பவர் பிஐ என்னும் சாதனத்தை எடுத்துக்கொள்வோம். அமைப்போர் வேலை செய்யும் இடம் வேறு. பார்ப்போருக்கு அளிக்கப்படும் வெளியீடு வேறு. வேலையிடத்தில் ஒரு பக்கத்தின் தோற்றத்தை மாற்றினால், வெளியீட்டைப் புதுப்பிக்கும் வரையில் பார்ப்போருக்கு அது தெரியாது. ஆனால் அதன் அடியில் உள்ள கணிப்பு அடுக்கை மாற்றினாலோ, அம்மாற்றம் உடனே வெளியீட்டிலும் எதிரொலிக்கும். இவ்வேறுபாட்டை அறியாதவர், இன்னும் வெளியிடவில்லை என்று எண்ணியிருக்கும்போதே எண்கள் மாறிவிடும்.

இதற்குப் பரிகாரமாக மூன்று தனியிடங்களை வைத்துக்கொள்வது வழக்கம். ஒன்றில் புதியதை அமைப்பர், இரண்டாவதில் சோதிப்பர், மூன்றாவது மட்டுமே பார்ப்போருக்கு உரியது. சோதிக்கும்போது, சென்ற மாதக் கணக்கைப் பழைய முறையிலும் புதிய முறையிலும் கூட்டி, கடை கடையாக ஒப்பிட வேண்டும். வேறுபாடு தோன்றினால் காரணம் காணாது மேலே செல்லலாகாது. பின்னர்ப் புதியதை ஒரு கிளைக்கு மட்டும் சில நாள் காட்டிப் பார்ப்பது நன்று. பழைய வடிவத்தையும் அழியாது வைத்திருக்க வேண்டும். பிழை தெரிந்தால் சில நிமிஷங்களில் அதற்குத் திரும்பிவிடலாம்.

மூலக் கணக்கில் ஒரு பத்தியின் பெயரை மாற்ற நேரும்போதும் இதே பொறுமை வேண்டும். பழைய பெயரை ஒரே நாளில் நீக்கினால், அதைத் தேடும் படங்கள் யாவும் வெறுமையாகும். முதலில் புதிய பத்தியைப் பழையதன் பக்கத்தில் சேர்த்து, இரண்டிலும் விவரங்களை நிரப்புக. பிறகு பலகைகளை ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாற்றுக. பழையதை எவரும் நாடவில்லை என்று உறுதியான பின்னரே அதனை நீக்குக.

விவரங்களைப் புதுப்பிக்கும் வேளையிலும் தடை நேரக்கூடும். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் முன்னரே கணித்து வைத்த தொகுப்பைச் சாதாரண முறையில் புதுப்பித்தால், அது முடியும்வரை படிக்க வந்தவர் காத்திருக்க வேண்டும். 2014இல் வெளிவந்த 9.4 பதிப்பு முதல் வேறு வழியும் உண்டு. பழைய தொகுப்பைப் படிப்போர் படித்துக்கொண்டிருக்கவே புதியது உருவாகிறது. அதற்குத் தொகுப்பின் ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் குறியீடு வேண்டும். காலமும் சற்றுக் கூடுதலாகலாம். எனினும் காத்திருப்பது இயந்திரமேயன்றி மனிதரல்லர்.

திருத்தத்துக்கு உரிய நேரம் எது? இரவு 11 மணி என்று எளிதில் விடை கூறுவோம். ஆனால் நம் இரவு 11 மணி, நியூயார்க்கில் கோடைக்காலத்துப் பிற்பகல் 1.30. அங்கே கிளை இருக்குமானால் அது நடுப்பணி வேளை. நாள்களிலும் தவிர்க்கத்தக்கவை உண்டு. மாதந்தோறும் ஜி.எஸ்.டி. அறிக்கை தாக்கல் செய்வோருக்கு 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நெருக்கடியானவை. மார்ச் 31ஐக் கேட்கவே வேண்டாம்.

இவையெல்லாம் இயந்திரத்தைச் சார்ந்தவை. இவற்றினும் கடினமானது பொருள் மாற்றம். விற்பனை என்ற தலைப்பின்கீழ் நேற்றுவரை வரியையும் சேர்த்துக் காட்டினர். இன்று முதல் வரியை நீக்கிக் காட்டுகின்றனர் என்க. கணக்குச் சரி, ஆயினும் கோடு திடீரெனச் சரியும். வியாபாரம் வீழ்ந்ததென்று பார்ப்பவர் அஞ்சுவர்.

இதற்கு நம் நாட்டு அனுபவமே நல்ல பாடம் தருகிறது. 1957 ஏப்ரல் 1இல் தசம நாணய முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. பின்னர் ரூபாய்க்கு 100 பைசா. பெயர் ஒன்று, மதிப்பு வேறு. ஆதலின் அரசு புதிய காசை வெறும் பைசா என்னாது ‘நயா பைசா’ என்று பெயரிட்டது. பழைய அணாவும் புதிய காசும் சிலகாலம் சேர்ந்தே புழங்கின. நாலணா 25 நயா பைசாவுக்குச் சரியாக ஒத்தது. ஓரணாவோ 6¼ ஆனதால், மக்கள் தடுமாறாதிருக்க மாற்று அட்டவணைகள் வெளியிடப்பட்டன. மக்கள் பழகிய பின், 1964 ஜூன் 1 முதல் ‘நயா’ என்னும் அடை நீக்கப்பட்டது. கோடிக்கணக்கானோரின் அன்றாடக் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடாமல் அதன் அலகே மாறியது.

பலகையிலும் இம்முறையே தக்கது. புதிய எண்ணுக்கு ‘விற்பனை, வரி நீங்கலாக’ என்று வேறு பெயர் தருக. பழையதையும் ஓரிரு மாதம் பக்கத்திலேயே வைத்திருக்க. மாறிய தேதியைக் கோட்டின்மேல் குறித்துக் காட்டுக.

அறிவிப்பின் மொழியைப் பற்றியும் ஒரு சொல். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, ‘தங்கள் வசதிக்காகப் பலகை மேம்படுத்தப்பட்டுள்ளது’ என்னும் வாக்கியம் எம்மொழியிலும் ஒன்றையும் சொல்லாத வாக்கியமாகவே படுகிறது. எது மாறியது, எந்நாள் முதல், பார்ப்பவர் செய்ய வேண்டியது யாது, ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது என்னும் நான்கும் இருந்தால் நான்கு வரியே போதும்.

அமைப்போர்க்கு இவ்வளவு. பார்ப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. ஓர் எண் வழக்கத்துக்கு மாறாகத் தோன்றுமானால், ஆர்டர் எழுதுமுன், நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் ஒரே அளவையால் அளந்தவைதாமா என்று கேளுங்கள். நாகபுரிப் பொறுப்பாளர் அக்கேள்வியைத் தயங்காமல் கேட்கவும், உடனே விடை பெறவும் இடமுள்ள அலுவலகத்தில், பலகை எத்தனை முறை மாறினாலும் வேலை நிற்பதில்லை.