மீன்தொட்டிக்கு விளக்கு: முதலில் செடியைப் பாருங்கள்

மீன்தொட்டிக்கும் இயற்கை வேளாண்மைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். பிளாஸ்டிக் செடி வைத்த தொட்டி என்றால் சம்பந்தம் இல்லைதான். ஆனால் இப்போது பல வீடுகளில் தொட்டிக்குள்ளேயே மண் போட்டு, உயிருள்ள செடி நட்டு வளர்க்கிறார்கள். அது கண்ணாடிக்குள் இருக்கும் ஒரு குட்டி வயல். சின்னமனூர்ப் பக்கம் நம் உழவர் வீடுகளிலும் பேரப்பிள்ளைகளுக்காக இது வந்துவிட்டது. எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை வாட் விளக்கு போடலாம்?"

நம்ம வயலில் இப்படியா கேட்போம்? பயிர் எது, மண் எப்படி, தண்ணி எப்படி என்று பார்த்த பிறகுதானே உரம். விளக்கும் ஓர் இடுபொருள்தான். 1779இல் யான் இங்கன்ஹவுஸ் என்ற அறிஞர் நீரில் மூழ்கிய இலைகளை வைத்துத்தான், வெளிச்சத்தில் ஆக்சிஜன் குமிழி வருகிறது, இருட்டில் நின்றுவிடுகிறது என்று காட்டினார். ஆனால் வெளிச்சம் மட்டும் இருந்தால் செடி சமைத்துவிடாது. கரியமில வாயு வேண்டும், சத்தும் வேண்டும். இந்த வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. அதனால் தொட்டியில் பெரும்பாலும் முதலில் தட்டுப்படுவது அதுதான்.

இந்த நிலையில் பெரிய விளக்கைப் போட்டால் என்ன ஆகும்? செடியால் அவ்வளவு வெளிச்சத்தையும் பயன்படுத்த முடியாது. மிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். கண்ணாடி பச்சையாகும், இலைமேல் நூல்பாசி படரும். உடனே கடையில் பாசி மருந்து வாங்குவோம். அவற்றில் பல, தாமிரம் கலந்தவை. திராட்சைத் தோட்டக்காரர்களுக்குத் தெரிந்த மயில்துத்தத்தின் உறவுதான். நத்தையும் குட்டி இறாலும் தாமிரத்தைத் தாங்காது. யூரியாவை அள்ளிப் போட்டு, பயிர் கொழுத்து, பூச்சி வந்து, மருந்தடித்த கதை நமக்குப் புதிதா? இங்கே யூரியா இருந்த இடத்தில் விளக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, அளவு என்ன? வாட் என்பது மின்சாரச் செலவு. வெளிச்சத்தின் அளவு லூமென். பல்ப் அட்டையிலேயே போட்டிருக்கும். தொட்டி வளர்ப்பவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நிழல் தாங்கும் செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமென், நடுத்தரச் செடிகளுக்கு 20 முதல் 40. அதற்கு மேல் போனால் சிலிண்டரில் கரியமில வாயு கொடுத்தாக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியின் ரொட்டாலா மக்ராண்ட்ரா போன்ற சிவப்புச் செடிகள் இந்தக் கடைசி ரகம். பார்க்க அழகு, பராமரிப்பு அதிகம்.

வங்கியில் இருந்த பழக்கம், கணக்குப் போட்டே சொல்றேன். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி 54 லிட்டர். மண்ணும் கல்லும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். லிட்டருக்கு 20 வீதம் 900 லூமென். சாதாரண எல்.இ.டி. விளக்கு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தருகிறது. ஆக 9 அல்லது 10 வாட் போதும். தினம் 8 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு 2.4 யூனிட்தான். தொட்டி உயரம் ஒன்றரை அடிக்கு மேல் போனால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். அடிமண் வரை வெளிச்சம் இறங்கணும்.

நிறத்துக்கு, அட்டையில் '6500 கெல்வின், கூல் டேலைட்' என்று இருப்பதை எடுங்கள். ஊதா நிறத்தில் எரியும் 'குரோ லைட்' செடியை வளர்க்கும். மீனைப் பார்க்கத்தான் கண் கூசும். அதிக விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஈரம் புகாத விளக்காக, ஐ.பி. 65 என்று குறித்ததாக இருந்தால் நல்லது. ஒயர் தொட்டிக்குக் கீழே தொங்கி வளைந்து பிளக்குக்கு ஏறட்டும். வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது.

செடிக்கு ரொம்பத் தூரம் போக வேண்டாம். முல்லைப் பெரியாற்றுப் பாசன வயல்களின் வரப்போரம் பாருங்கள். நீர்ப்பிரமியும் ஆரைக்கீரையும் உலகமெங்கும் செடித்தொட்டிகளில் வளர்க்கப்படும் இனங்கள். வாய்க்காலில் கிடைக்கும் ஹைட்ரில்லாவும், ரிப்பன் போல நீளும் வாலிஸ்நேரியாவும் நடுத்தர வெளிச்சத்தில் நன்றாக வரும். இந்த இரண்டும் கடினநீரில் உள்ள பைகார்பனேட்டிலிருந்தே கரிமத்தை எடுத்துக்கொள்ளும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் மருந்தடித்த வயலில் எடுக்காதீர்கள். செடியோடு வரும் விஷம் மீனைக் கொன்றுவிடும். நம் இயற்கை வயலுக்கு இங்கேயும் ஒரு மதிப்பு இருக்கிறது. அலசும்போது அட்டையும் தட்டான் புழுவும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தட்டான் புழு மீன்குஞ்சைத் தின்னும்.

அடியில் ஓர் அங்குலம் தோட்டத்து மண், அதன்மேல் ஓர் அங்குலம் மணல். அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட நூல் மூலம் பரவிய முறை இது. ரசாயன உரமும் சிலிண்டரும் வேண்டாம். சாணமோ புண்ணாக்கோ கலந்த மண்ணை மட்டும் தவிர்க்கணும். அமோனியா கிளம்பி மீன் செத்துப்போகும். விளக்கைக் காலையில் 4 மணி நேரம், மதியம் அணைத்து, மாலையில் 4 மணி நேரம் என்று பிரித்துப் போடலாம். இப்படி நடுவில் இடைவெளி விடுவதும் அவர் சொன்னதுதான். இடைவெளியில் கரியமில வாயு மீண்டும் சேரும். ஒரு டைமர் வாங்கி மாட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை. ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள். அந்த வெளிச்சம் நம் கணக்கில் வராது.

பிறகு செடியே சொல்லும். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்து மேலே ஓடினால் வெளிச்சம் குறைவு. கண்ணாடியில் பாசி கூடினால் தினம் ஒரு மணி நேரம் குறைத்து, இரண்டு வாரம் பொறுங்கள். மண்ணிலிருந்து எடுத்த பழைய இலைகள் முதல் சில வாரங்களில் அழுகி உதிரும். புது இலை நீருக்கு ஏற்றபடி வரும். அதற்காக விளக்கை மாற்ற வேண்டாம். நாற்று பச்சை பிடிக்கும் வரை நாம் காத்திருப்பதில்லையா?

கடைசியாக ஒன்று. வெட்டிக் கழிக்கும் செடிகளை வாய்க்காலில் வீசாதீர்கள், அதுவும் கடையில் வாங்கிய வெளிநாட்டுச் செடி என்றால் கூடவே கூடாது. அழகுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரை நம் கண்மாய்களை மூடிக் கிடப்பதைத் தினமும் பார்க்கிறோம். கழித்த செடிகளை வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். தொட்டியில் மாற்றும் தண்ணீரைக் காய்கறிப் பாத்திக்கு ஊற்றுங்கள். மீன் கழிவு கலந்த அந்தத் தண்ணீர் கத்தரிக்கும் தக்காளிக்கும் நல்ல ஊட்டம்.