மூசை இல்லாத உலை

“கண்ணாடி மணியை ஈரலுக்குள் விடப்போகிறார்களாம். உடைந்து குத்தாதா சார்?”

ரயில்வே வார்ப்படப் பட்டறையில் என்னுடன் பல ஆண்டுகள் இருந்த நண்பர் சென்ற ஆண்டு கேட்டது இது. அவருக்குக் கல்லீரலில் கட்டி. பதில் சொல்வதற்காகப் படிக்கத் தொடங்கியவன், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், ரோலா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டெல்பர்ட் டே என்ற கண்ணாடி விஞ்ஞானியிடம் போய்ச் சேர்ந்தேன்.

வார்ப்படக்காரர்களுக்கு மூசையின் தொல்லை தெரியும். உருகியதை ஏந்தி நிற்பதும் அது. தன் துணுக்கைக் கலந்து கெடுப்பதும் அதுவே. கண்ணாடிக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. ஆறும்போது, மூசையின் சுவரைத் தொடும் இடத்தில் படிகம் எளிதாக முளைக்கும். படிகம் பரவினால் அப்புறம் அது கண்ணாடி அல்ல. தொடுவதற்குச் சுவரே இல்லையென்றால், சாதாரணமாகக் கண்ணாடியாகாத கலவையும் கண்ணாடியாக உறையக்கூடும்.

எடையற்ற விண்வெளியில் உருகிய துளியை நிறுத்த ஒலி அலையின் மெல்லிய அழுத்தமே போதும். டேயின் சோதனைக்காக ஒலித் தாங்கியும் உலையும் 1983 ஜூனிலும், 1985 அக்டோபரிலும் சாலஞ்சர் விண்ணோடத்தில் சென்றன. இரண்டாம் பயணம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1986 ஜனவரி 28 அன்று அந்த ஓடம் ஏழு பேருடன் சிதறியது. அடுத்த ஓடம் புறப்பட 1988 செப்டம்பர் ஆயிற்று.

ஆனால் டே அந்த 1980களிலேயே தரையில் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தார். கேரி எர்ஹார்ட் என்பவருடன் சேர்ந்து, இட்ரியம் கலந்த கண்ணாடி மணிகளை உருவாக்கினார். கண்ணாடித் தூளைச் சுடர் வழியே செலுத்தினால், ஒவ்வொரு துகளும் எதையும் தொடாமல் உருகி, பரப்பு இழுவிசையால் தானே உருண்டையாகிவிடும். இங்கும் மூசை கிடையாது! விட்டம் 20 முதல் 30 மைக்ரான். பிறகு அணு உலையில் நியூட்ரான் பட்டதும் இட்ரியம்-90 ஆகக் கதிர் வீசும். 64 மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாகும். மணி உடலில் கரையாது என்பதுதான் முக்கியம். கரைந்தால் இட்ரியம் எலும்புக்குப் போய்விடும்.

கல்லீரல் கட்டி பெரும்பாலும் தமனி வழியே இரத்தம் குடிக்கிறது. நல்ல ஈரலுக்கு வருவது பெரும்பாலும் போர்ட்டல் சிரை வழியே. ஆகவே தமனியில் விட்ட மணிகள் கட்டியில் போய் அடைந்துகொள்கின்றன. கதிர் சராசரியாக 2.5 மில்லிமீட்டர்தான் ஊடுருவும். அமெரிக்காவில் ‘தெராஸ்பியர்’ என்ற பெயரில் 1999இல் வரம்புக்குட்பட்ட அனுமதியும், 2021இல் முழு அனுமதியும் கிடைத்தன. நம் பாபா அணு ஆராய்ச்சி மையமும் ‘பாபாஸ்பியர்’ என்று இத்தகைய மணிகளை உருவாக்கியிருக்கிறது.

நண்பரிடம் சொன்னேன்: “குத்த முனை வேண்டுமே! தலைமயிரைவிட மெல்லிய உருண்டை இது. மூசையே இல்லாமல் உருக்கியது.”

“மூசை இல்லாமலா? அப்படியானால் சரக்கு சுத்தமாகத்தான் இருக்கும்” என்று சொல்லி, மருத்துவமனைப் படிவத்தை என் கையிலிருந்து வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.