மேடும் பள்ளமும் முக்கோணங்களும்

கட்டடம் எழுப்புமுன் மண்ணைப் பார்க்க வேண்டும் என்பது கொத்தனாரும் அறிந்த செய்தி. இன்றோ அந்த மண்ணையே கணினித் திரையில் ஏற்றி, அதன்மேல் வீட்டை வைத்துப் பார்க்கிறார்கள். ரெவிட் போன்ற மென்பொருள்களில் இது அன்றாட வேலை. மண் எவ்வாறு திரைக்குள் வருகிறது தெரியுமா, தோழியரே? முக்கோணங்களாக!

இதில் நம் வட்டாரத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. 1802-ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் என்பவர் பரங்கிமலையருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதிலிருந்து முக்கோணத்தை அடுத்து முக்கோணமாக இந்தியாவை அளக்கும் பெரும் பணி வளர்ந்தது. பூவிருந்தவல்லியிலிருந்து அந்த மலை வெகு தூரமில்லை.

ஏன் முக்கோணம்? நாற்காலி மேடுபள்ளத் தரையில் ஆடும், முக்காலி ஆடாது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்று வடிவியலில் படித்திருக்கிறோமல்லவா? நிலத்தில் அளந்த புள்ளிகளையெல்லாம் மும்மூன்றாக இணைத்தால் மேடும் பள்ளமும் திரையில் உருவாகிவிடும்.

தொல்லை இனிமேல்தான். ஒரு ஏக்கர் நிலத்தில் மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் எடுத்தாலே சுமார் 4,000 புள்ளிகள், 8,000 முக்கோணங்கள். ஆளில்லா விமானம் தரும் புள்ளிகளோ இலட்சக்கணக்கில். கணினி திணறும். ஆகவே பரப்பை எளிதாக்குகிறார்கள். இந்தப் புள்ளியை நீக்கினால் பரப்பு எவ்வளவு மாறும் என்று மென்பொருள் கணக்கிடுகிறது. நாம் குறித்த அளவுக்குள் மாற்றம் அடங்கினால் புள்ளி நீக்கப்படும். மட்டமான மைதானத்தின் நடுவே நூறு புள்ளிகள் எதற்கு?

அந்த அளவைக் குறிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அரை மீட்டர் என்று வைப்போம். நீலகிரிச் சரிவில் அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் அப்படியா? இவை பெரும்பாலும் சமவெளி. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குப் போக வேண்டும். வழியில் 40 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒரு சிறு வாய்க்கால் இருந்தால், அரை மீட்டர் கணக்கில் அது மறைந்தே போகும்! திரையில் பார்ப்பவருக்கு அழகான சமதரை தெரியும். அதை நம்பி வீட்டுத் தளத்தின் உயரத்தைத் தீர்மானித்தால், அடைமழைக் காலத்தில் கூடத்துக்குள் தண்ணீர் வந்து நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே தெருவில் நீர் புகுந்த வீட்டுக்கும் புகாத வீட்டுக்கும் இரண்டடி உயரமே வித்தியாசமாக இருந்திருக்கும்.

பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி என்று கண்ணை மூடிக்கொண்டு குறைப்பது இதைவிட ஆபத்து. குறுகலான ஏரிக்கரை இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டு, தொடர்ச்சியான கரை தனித்தனிக் குன்றுகளாகிவிடும். எனவே கரையின் உச்சி, வாய்க்காலின் அடி, கலங்கல், சாலையோரம் ஆகியவற்றை முதலில் கோடுகளாகப் பதிக்க வேண்டும். முக்கோணங்கள் அக்கோடுகளை வெட்டிச் செல்லாமல் அவற்றின் ஓரமாகவே அமையும். பிறகு மிச்சமுள்ள இடத்தில் தாராளமாகக் குறைக்கலாம். புள்ளிகளின் எண்ணிக்கையைவிட, எந்தப் புள்ளி எதைச் சொல்கிறது என்பதே முக்கியம் என்பேன்.

இதற்கு முன்பே களையெடுப்பும் உண்டு. வேப்பமர உச்சியும் நிறுத்தி வைத்த லாரியின் கூரையும் தரை என்று பதிவாகியிருக்கும். அவற்றை முதலில் நீக்காவிட்டால் திரையில் இல்லாத மலைகள் முளைக்கும்! (பார்க்க வேடிக்கைதான், மண் வெட்டக் கணக்குப் போடுபவருக்கு அல்ல.)

எளிதாக்கிய பின் பழைய பரப்பையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சம உயரக் கோடுகளை ஒப்பிடுகிறார்கள். மைதானத்தில் கோடு சற்று நகர்ந்திருந்தால் விட்டுவிடலாம். கலங்கலருகே நகர்ந்திருந்தால், நீக்கிய புள்ளிகளைத் திரும்பச் சேர்க்க வேண்டியதுதான்.