பாரிசுக்கு எத்தனை மணி நேரம்?

புதுச்சேரியில் செலியமேடு, பாகூர் பக்கம் பிரான்சில் உறவு உள்ள குடும்பங்கள் உண்டு. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். புதுச்சேரியின் லாசுப்பேட்டை விமான நிலைய ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது. அதனால் பாரிஸ் பயணம் சென்னை மீனம்பாக்கத்தில்தான் தொடங்குகிறது.

சென்னைக்கும் பாரிசின் சார்ல் தெ கோல் விமான நிலையத்துக்கும் இடையே மிகக் குறைந்த தூரம் ஏறக்குறைய 8,020 கிலோமீட்டர். சுவரில் மாட்டிய உலகப் படத்தில் இரண்டு ஊரையும் கோடு போட்டு இணைத்தால், அது ஓமன், ஈராக், துருக்கி வழியாகப் போகும். அந்தக் கோட்டிலேயே பறந்தால் 200 கிலோமீட்டர் கூடிவிடும். பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே ஏறி, கட்ச், கிழக்கு ஈரான், காஸ்பியன் கடல், கருங்கடல், ஹங்கேரி என்று வளைந்து பாரிசை அடையும். உருண்டையான பூமியில் இதுதான் மிகக் குறுகிய வழி.

ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். கணக்குப்படி ஒன்பது மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். ஆனால் போகும்போது பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏறவும் இறங்கவும் ஆகும் நேரம் ஒரு பக்கம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் காற்றோட்டம் இன்னொரு பக்கம். குளிர்காலத்தில் இது மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. அதனால் பாரிசிலிருந்து வரும் பயணம் பொதுவாகச் சீக்கிரம் முடிகிறது.

நூல் காட்டும் வழி எப்போதும் திறந்திருப்பதும் இல்லை. 2022 பிப்ரவரியில் போர் மூண்டதும் உக்ரைன் வான்வெளி மூடப்பட்டது. பாகிஸ்தான் 2019இல் சில மாதங்களும், மறுபடி 2025 ஏப்ரலிலிருந்தும் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை அடைத்தது. அப்போதெல்லாம் சுற்றிப் போக வேண்டும். எரிபொருளும் நேரமும் கூடும்.

துபாயில் மாறிப் போனால் ரொம்பச் சுற்று என்று பலர் நினைக்கிறார்கள். சென்னை–துபாய் 2,930, துபாய்–பாரிஸ் 5,240. கூட்டினால் 8,170, நேர்வழியைவிட 150 கிலோமீட்டர்தான் அதிகம். நேரத்தைத் தின்பது தூரமல்ல, அடுத்த விமானத்துக்காக உட்கார்ந்திருக்கும் மணிகள்.

டிக்கெட்டைப் பார்த்துக் குழம்புவதற்குக் காரணம் கடிகாரம். அதில் புறப்பாடும் வரவும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும். கோடையில் பாரிஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால்; அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி. ஜூலையில் இரவு 1 மணிக்குப் புறப்பட்டுக் காலை 8 மணிக்குச் சேரும் என்றிருந்தால், ஏழு மணி நேரப் பயணம் என்று எண்ணக் கூடாது. பாரிசில் 8 என்றால் இங்கே பதினொன்றரை. பயணம் பத்தரை மணி நேரம்.

இதோடு செலியமேட்டிலிருந்து மீனம்பாக்கம் போக மூன்றரை மணி, அங்கே முன்கூட்டிச் சேர மூன்று மணி என்று கூட்டினால் பதினேழு மணி நேரம். பயணம் போகும் பாட்டிக்கு மாத்திரை வேளை குறித்துக் கொடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுப்பது நல்லது.