பித்தளையில் பெயர் செதுக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்

சிவகாசியில் தயாராகும் டைரிகளின் அட்டையில் நிறுவனத்தின் பெயர் தங்க நிறத்தில் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அது மையால் அச்சடித்தது அல்ல. பெயர் மேடாகத் தெரியும்படி பித்தளைத் தகட்டைச் செதுக்கி, அதைச் சூடாக்கி, பளபளக்கும் மெல்லிய தாளை நடுவில் வைத்து அட்டையின் மேல் அழுத்துவார்கள். தகட்டுக்கு பிளாக் என்று பெயர், தாளுக்கு பாயில். ஒரு எழுத்து அரை மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டால் பித்தளையும் வீண், அன்றைய வேலையும் வீண்.

இந்த பிளாக்கைச் செதுக்கும் சிறிய சிஎன்சி மெஷினை, சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் குட்டிக் கம்ப்யூட்டரைக் கொண்டு இயக்க முடியுமா? விருதுநகரில் எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர்கள் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். முடியும். ஆனால் எந்த வேலையை அதனிடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எண்களைக் கொடுத்து மெஷினை ஓட்டுவது புதிய விஷயம் அல்ல. அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் 1952லேயே துளையிட்ட காகித நாடாவைப் படித்து உலோகத்தை வெட்டும் மெஷினை இயக்கிக் காட்டினார்கள். அன்று அதற்கு வால்வுகள் நிறைந்த அலமாரி தேவைப்பட்டது. இன்று அந்த வேலைக்கு உள்ளங்கை அளவு போர்டு போதும்.

உங்கள் வீட்டு சிபியூ பெட்டியைத் திறந்தால் மதர்போர்டு, ப்ராசஸர், ராம் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். இவை அனைத்தையும் ஒரே போர்டில் பதித்துவிட்டால் அதுதான் சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர். 2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் வெளியான ராஸ்ப்பெர்ரி பை இதில் மிகவும் பிரபலமானது. ஏடிஎம் கார்டு அளவுதான் இருக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் மெமரி கார்டு. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றையும் இணைத்தால் சாதாரணக் கம்ப்யூட்டர் போலவே வேலை செய்யும். இதன் ஓரத்தில் 40 பின்கள் உள்ளன. வெளியில் இருக்கும் கருவிகளுக்கு இவற்றின் வழியாக சிக்னல் அனுப்பலாம்.

இனி மெஷின் பக்கம் வருவோம். இதில் இருப்பவை ஸ்டெப்பர் மோட்டார்கள். மின்விசிறி மோட்டார் போல இது தொடர்ந்து சுற்றாது. ஒரு துடிப்பு கொடுத்தால் ஒரு அடி மட்டும் திரும்பி நிற்கும். பெரும்பாலான மோட்டார்களில் முழுச் சுற்றுக்கு 200 அடிகள். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர், ஒவ்வொரு அடியையும் 8 பாகங்களாகப் பிரிப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். இப்போது ஒரு சுற்றுக்கு 1600 துடிப்புகள். ஒரு சுற்றுக்கு மேசை 5 மில்லிமீட்டர் நகர்ந்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 320 துடிப்புகள். இந்த 320 என்ற எண்ணைக் குறித்து வையுங்கள். பிறகு தேவைப்படும்.

மேசையை நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்த்தினால், நொடிக்கு 16,000 துடிப்புகள் போக வேண்டும். இரண்டு துடிப்புகளுக்கு இடையில் 62.5 மைக்ரோ விநாடி மட்டுமே. மைக்ரோ விநாடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இங்குதான் சிக்கல். நம் கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்க்கிறது. பாட்டுக் கேட்கும்போது பெரிய பைலைத் திறந்தால் சில சமயம் பாட்டு லேசாகத் திக்குகிறதல்லவா? பாட்டு திக்கினால் பாதகமில்லை. துடிப்பு திக்கினால் மோட்டார் சில அடிகளைத் தவறவிடும். சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் தான் தவறவிட்டதைத் திருப்பிச் சொல்லாது. எல்லாம் சரியாக நடப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் செதுக்கிக் கொண்டே போகும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று லினக்ஸ்சிஎன்சி என்ற இலவச சாப்ட்வேர். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் பிறந்தது இது. இஎம்சி என்று இருந்த பெயர் 2011ல் மாறியது. நேரம் தவறாமல் வேலை செய்யும் ரியல்டைம் லினக்ஸ் இதற்கு வேண்டும். ராஸ்ப்பெர்ரி பை 4, 5 மாடல்களிலும் இது ஓடுகிறது. துடிப்புகளை உருவாக்கத் தனி கார்டு ஒன்றைச் சேர்ப்பது நல்லது. பெரிய மெஷின் வைத்திருப்பவர்கள் இந்த வழியில் போகலாம்.

புதியவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. ஆர்டுயினோ உனோ என்ற சிறிய போர்டில் ஜிஆர்பிஎல் என்ற இலவச புரோகிராமை ஏற்றிவிடுங்கள். இதற்கு மானிட்டர் இல்லை, விண்டோஸ் இல்லை, வேறு வேலையும் இல்லை. துடிப்பு போடுவது மட்டுமே வேலை. நொடிக்கு 30,000 துடிப்புகள் வரை சீராகத் தரும். நமக்குத் தேவை 16,000தானே! ராஸ்ப்பெர்ரி பை யுஎஸ்பி கேபிள் வழியாகக் கட்டளைகளை வரி வரியாக அனுப்பினால் போதும். பாட்டு வாத்தியார் பையும், தாளம் போடுபவர் ஆர்டுயினோவும் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அந்தக் கட்டளைகளுக்கு ஜி-கோடு என்று பெயர். 'ஜி1 எக்ஸ்10 எப்300' என்றால், எக்ஸ் திசையில் 10 என்ற இடத்துக்கு நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் நேராகப் போ என்று பொருள். இதை நீங்கள் டைப் செய்ய வேண்டியதில்லை. இங்க்ஸ்கேப் என்ற இலவச சாப்ட்வேரில் பெயரை டைப் செய்து, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் என்பதை க்ளிக் செய்யுங்கள். எழுத்து கோடுகளாக மாறும். தமிழ் எழுத்துக்கு இது மிகவும் அவசியம். இல்லாவிட்டால் பான்ட் இல்லாத வேறு கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரியும். பிறகு கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாகத் திருப்புங்கள். பிளாக்கில் எழுத்து தலைகீழ்ப் பக்கமாக இருந்தால்தான் அட்டையில் நேராக விழும். கடைசியாக, அதே சாப்ட்வேரில் உள்ள ஜிகோடுடூல்ஸ் மூலம் ஜி-கோடு பைலாக மாற்றலாம். 'ண', 'ஜ' போன்ற எழுத்துகளின் சுழிகளுக்குள் நுழையும் அளவுக்கு வெட்டும் முனை மெல்லியதா என்பதையும் பாருங்கள்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பையின் பின்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். பட்டறையில் 24 வோல்ட் ஒயரைத் தெரியாமல் அதில் தொட்டால் போர்டு அந்த நொடியே போய்விடும். யுஎஸ்பி வழியாக இணைத்தால் அந்தப் பின்களைத் தொடவே தேவையில்லை. வெட்டும் மோட்டார் ஓடும்போது யுஎஸ்பி இணைப்பு அறுந்து போனால், கேபிளைக் குட்டையாக்குங்கள், மோட்டார் ஒயரிலிருந்து தள்ளி வையுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். திடீரென்று கரண்ட் போனால் மெமரி கார்டில் உள்ள பைல்கள் கெடலாம். பைக்கு ஒரு சிறு யுபிஎஸ் வையுங்கள். கரண்ட் திரும்பி வந்ததும் மேசை எங்கே நிற்கிறது என்று மெஷினுக்குத் தெரியாது. லிமிட் சுவிட்சைத் தொட்டுத் திரும்பிய பிறகே வேலையைத் தொடர வேண்டும்.

சிவப்பு நிற அவசர சுவிட்சை மட்டும் ஒருபோதும் கம்ப்யூட்டரின் பொறுப்பில் விடாதீர்கள். அதை அழுத்தினால் மோட்டார்களுக்குப் போகும் கரண்ட், காண்டாக்டர் மூலம் நேரடியாகத் துண்டிக்கப்பட வேண்டும். திரையில் ஸ்டாப் பட்டனை க்ளிக் செய்வது விரலைக் காப்பாற்றாது. கம்ப்யூட்டர் ஹேங் ஆன நேரத்தில்தான் அந்த சுவிட்ச் தேவைப்படும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு கேள்வியும் வரும். இதையே பட்டாசு ஆலையில் மருந்து கலக்கவும் நிரப்பவும் வைக்கலாமா? கூடவே கூடாது. இந்த மோட்டார்கள் சூடாகும், கார்பன் பிரஷ் உள்ள மோட்டார்களில் பொறி பறக்கும், சுவிட்சுகளிலும் பொறி வரும். அலுமினியப் பவுடரும் கந்தகமும் இருக்கும் இடத்தில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதை இங்கே யாரும் விளக்க வேண்டாம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மருந்து அறைக்குள் எந்தக் கருவி வரலாம் என்பதற்கு 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும், மத்திய அரசின் பெசோ அமைப்பும் இருக்கின்றன. வீட்டில் செய்த மெஷின் அச்சுப் பட்டறையோடு நிற்கட்டும்.

எல்லாம் இணைத்த பிறகு உடனே பித்தளையை மாட்டாதீர்கள். வெட்டும் முனைக்குப் பதில் ஒரு பேனாவைக் கட்டி, காகிதத்தில் 100 மில்லிமீட்டர் சதுரம் வரையச் சொல்லுங்கள். ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். பக்கம் 50 வந்தால் பயப்பட வேண்டாம். டிரைவரில் உள்ள சிறு சுவிட்சுகள் 8க்குப் பதில் 16ல் இருக்கின்றன. சுவிட்சை மாற்றுங்கள், அல்லது ஜிஆர்பிஎல்லில் அந்த 320 என்ற எண்ணை 640 ஆக்குங்கள். சதுரம் மூலையில் சரியாக மூடவில்லை என்றால் துடிப்பு தவறுகிறது, அல்லது ஸ்க்ரூவில் லூஸ் இருக்கிறது. வேகத்தைப் பாதியாக்கி மறுபடி வரையுங்கள். அப்போது மூடினால் துடிப்பு. அப்போதும் மூடாவிட்டால் ஸ்பேனரை எடுங்கள்.